28 என்ற எண் சொல்லாதது

இணையதளத்துக்கு பேக்கப் எடுக்கும் மென்பொருள் பாதியில் நின்றுபோனால் திரையில் ஒரு வரி தோன்றும். வட்டில் இடமில்லை, அனுமதி மறுக்கப்பட்டது, நேரம் கடந்துவிட்டது, அப்படி ஒரு கோப்பே இல்லை என்று அது சொல்லும். தளத்தை நடத்துபவர் அந்த வரியை அப்படியே நம்பி வேலையைத் தொடங்குகிறார். இடமில்லை என்றால் காசு கொடுத்து இடம் வாங்குகிறார். அனுமதி இல்லை என்றால் எல்லாக் கோப்புறைகளுக்கும் 777 போட்டு, யாரும் எழுதலாம் என்று திறந்துவிடுகிறார். மறுநாளும் பேக்கப் அதே இடத்தில் நிற்கிறது. போதாக்குறைக்குத் தளத்தின் பாதுகாப்பும் போய்விட்டது. பிழைச்செய்தி பொய் சொல்லவில்லை, ஆனால் காரணத்தையும் சொல்லவில்லை. மென்பொருளின் ஏதோ ஓர் அடுக்கு தன் கண்ணுக்குக் கடைசியாகத் தெரிந்ததைச் சொல்லியிருக்கிறது.

வேர்ட்பிரஸ் தளம் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். 2003இல் வெளிவந்த இந்த மென்பொருளில் இன்று கோடிக்கணக்கான தளங்கள் ஓடுகின்றன. அப்படிப்பட்ட தளத்துக்கு இரண்டு பாதிகள் உண்டு. படங்களும் வடிவமைப்பும் பிளகின்களும் கோப்புகளாக வட்டில் இருக்கின்றன. கட்டுரைகள், வாசகர் கருத்துகள், பயனர் கணக்குகள் எல்லாம் மைசீக்குவல் அல்லது மரியாடிபி என்ற தரவுத்தளத்தில் அட்டவணைகளாக இருக்கின்றன. பேக்கப் பிளகின் தரவுத்தளத்தை ஒரு நீண்ட உரைக்கோப்பாக எழுதுகிறது, கோப்புகளை ஸிப்பாகக் கட்டுகிறது, பிறகு இரண்டையும் கூகுள் டிரைவ், அமேசான் எஸ்3 போன்ற வெளிக் கிடங்குக்கு அனுப்புகிறது. வெளியே தெரிவது ஒரே ஒரு பொத்தான். அதை அழுத்தியதும் பிரவுசர் வெப் சர்வரைக் கேட்கிறது, வெப் சர்வர் பிஎச்பியை எழுப்புகிறது, பிஎச்பி பிளகினை ஓட்டுகிறது, பிளகின் தரவுத்தளத்தையும் இயங்குதளத்தையும் கேட்கிறது, இயங்குதளம் வட்டையும் வலையமைப்பையும் கேட்கிறது.

கோளாறு கீழே எங்கோ நடக்க, செய்தி மேலே வந்து சேர்கிறது. கடைமடை வயலில் நிற்பவருக்குத் தெரிவது தண்ணீர் வரவில்லை என்பது மட்டும்தான். எந்த மதகு திறக்கவில்லை, எந்த வாய்க்காலில் அடைப்பு என்பது அவர் நிற்கும் இடத்திலிருந்து தெரியாது. மென்பொருளிலும் கீழடுக்கு தரும் ஓர் எண்ணை மேலடுக்கு தன் சொற்களில் மாற்றிச் சொல்கிறது. அப்படி மாற்றும் ஒவ்வொரு முறையும் விவரம் கொஞ்சம் உதிர்கிறது. அதனால் ஒரு பிழைச்செய்தியைப் பார்த்ததும் எழவேண்டிய முதல் கேள்வி, இதைச் சொல்வது யார் என்பது. என்ன சொல்கிறது என்பது அதற்கு அடுத்த கேள்வி.

ஒரே எண், பல பொருள்

லினக்ஸ் இயங்குதளத்தில் ஒவ்வொரு வகைப் பிழைக்கும் ஓர் எண் உண்டு. வட்டில் இடமில்லை என்பதற்கு 28. மைசீக்குவல் தற்காலிகக் கோப்பு எழுதப் போய் இந்தப் பிழையைச் சந்தித்தால், 'காட் எரர் 28 ஃப்ரம் ஸ்டோரேஜ் எஞ்ஜின்' என்று எண்ணை மட்டும் மேலே அனுப்பும். இணையத்தில் கோப்புகளைக் கொண்டுசெல்லப் பயன்படும் கர்ல் என்ற கருவிக்கும் தனியாக ஓர் எண் பட்டியல் இருக்கிறது. அந்தப் பட்டியலில் 28 என்றால் நேரம் கடந்துவிட்டது என்று பொருள். வேர்ட்பிரஸின் சைட் ஹெல்த் பக்கத்தில் 'கர்ல் எரர் 28' என்று வருவது இதுதான். இரண்டுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. எண்ணை மட்டும் குறித்துக்கொண்டு தேடுபவர், வலையமைப்புக் கோளாறுக்கு வட்டைச் சுத்தம் செய்துகொண்டிருப்பார்.

சொன்னது லினக்ஸின் 28தான் என்று உறுதியானாலும் சிக்கல் தீராது. வட்டின் நிலையைக் காட்டும் 'டிஎஃப்' கட்டளையை அடித்துப் பார்த்தால் பாதி இடம் காலியாக இருக்கும். ஆனாலும் 'நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்' என்ற செய்தி வந்துகொண்டே இருக்கும். பல நேரம் இதற்குக் காரணம் ஐநோட். லினக்ஸ் வட்டில் ஒவ்வொரு கோப்புக்கும், அது எவ்வளவு சிறியதாக இருந்தாலும், ஐநோட் எனப்படும் ஒரு பதிவு தேவை. பரவலாகப் புழங்கும் இஎக்ஸ்டி4 வகை வட்டமைப்பில், மொத்தம் எத்தனை ஐநோட் என்பது வட்டைத் தயார்செய்யும்போதே முடிவாகிவிடுகிறது. நூலகத்தில் அலமாரி காலியாக இருந்தும் பதிவேட்டில் பக்கம் தீர்ந்துவிட்டால் புதுப் புத்தகத்தைச் சேர்க்க முடியாது. அதே நிலைதான் இங்கும். கேஷ் பிளகின்கள் பக்கத்துக்கு ஒரு கோப்பு எழுதுகின்றன. வேர்ட்பிரஸ் ஒரு படத்தை ஏற்றினால் பல அளவுகளில் சிறுபடங்களை உண்டாக்குகிறது. பிஎச்பியின் செஷன் கோப்புகள் யாரும் அழிக்காமல் குவிகின்றன. 'டிஎஃப்' கட்டளையோடு 'ஐ' என்ற குறியைச் சேர்த்து அடித்தால் ஐநோட் கணக்கு தெரியும். அங்கே 100 சதவீதம் என்று இருந்தால் பெரிய வீடியோக்களை அழித்துப் பயனில்லை, குட்டிக் கோப்புகளைத்தான் அழிக்கவேண்டும்.

இடம் எங்கே இல்லை என்பதையும் செய்தி சொல்வதில்லை. பல மென்பொருள்கள் பேக்கப் கோப்பை முதலில் தற்காலிகக் கோப்புறையில் கட்டிவிட்டுப் பிறகுதான் உரிய இடத்துக்கு நகர்த்துகின்றன. சில சர்வர்களில் அந்தத் தற்காலிகக் கோப்புறை ஒரு தனிச் சிறு பகுதியில் இருக்கும். அது நிரம்பிவிட்டால், தளம் இருக்கும் வட்டில் 100 ஜிபி காலியாக இருந்தாலும் வேலை நின்றுவிடும். மாற்றம் நடந்த கணமே பிரதி எடுக்கும் பேக்கப் மென்பொருள்களில் இன்னொரு விசித்திரம் நடக்கிறது. அவை கோப்புறைகளைக் கண்காணிக்கும்படி லினக்ஸிடம் கேட்டுக்கொள்கின்றன. ஒரு பயனருக்கு இத்தனை கண்காணிப்புகள்தான் என்று ஒரு வரம்பு உண்டு. அந்த வரம்பு தாண்டினாலும் லினக்ஸ் தருவது அதே 28. வட்டுக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. ஏற்கெனவே இருந்த எண்களில் பொருத்தமாகத் தோன்றிய ஒன்றைப் பயன்படுத்திக்கொண்டார்கள்.

போஸ்ட்கிரெஸ்கியூஎல் தரவுத்தளத்தை எழுதியவர்கள் இந்தக் குழப்பத்தை முன்கூட்டியே உணர்ந்திருந்தார்கள். செமஃபோர் எனப்படும் இயங்குதள வளம் தீர்ந்துபோனாலும் லினக்ஸ் 28ஐத்தான் திருப்பித் தருகிறது. அப்போது போஸ்ட்கிரெஸ்கியூஎல், இந்தப் பிழைக்கு வட்டில் இடம் தீர்ந்துவிட்டது என்று பொருள் அல்ல என்று ஒரு குறிப்பையும் கூடவே அச்சிடுகிறது. எந்த வரம்பைப் பார்க்கவேண்டும் என்றும் சொல்கிறது. பிழைச்செய்தி எழுதுவோர் எல்லோரும் படிக்கவேண்டிய குறிப்பு அது. பயனருக்கு வரப்போகும் தவறான எண்ணத்தை ஊகித்து, அது வருவதற்குள் தடுத்திருக்கிறார்கள். பெரும்பாலான பேக்கப் மென்பொருள்களில் இந்த அக்கறையைக் காண முடிவதில்லை.

எந்தக் கடிகாரம்

அடுத்த பெருங்குழப்பம் நேரம். பிஎச்பி நிரல் எவ்வளவு நேரம் ஓடலாம் என்பதற்கு இயல்பான வரம்பு 30 விநாடி. பேக்கப் நின்றதும் பிளகின் 'நேர வரம்பை உயர்த்துங்கள்' என்று அறிவுரை சொல்கிறது. பயனர் அதை 300 ஆக்குகிறார். ஆனாலும் சரியாக ஒரு நிமிடத்தில் '504 கேட்வே டைம்அவுட்' வருகிறது. காரணம், நேரத்தை அளக்கும் கடிகாரம் ஒன்றல்ல. முன்னால் நிற்கும் எஞ்ஜின்எக்ஸ் வெப் சர்வர் பிஎச்பியின் பதிலுக்காகக் காத்திருக்க இயல்பாக 60 விநாடிதான் தருகிறது. அதற்கும் முன்னால் கிளவுட்ஃபிளேர் போன்ற இடைச்சேவை இருந்தால் அதற்கென்று வேறொரு கடிகாரம் உண்டு. பிஎச்பியின் கடிகாரமோ லினக்ஸில் நிரல் தானாக உழைத்த நேரத்தை மட்டுமே கணக்கில் எடுக்கும். தரவுத்தளத்தின் பதிலுக்குக் காத்திருந்த நேரம் அந்தக் கணக்கில் சேராது. அதனால் பேக்கப் பத்து நிமிடம் ஓடியும் பிஎச்பியின் 30 விநாடி தீராமல் இருக்கலாம்.

நின்ற நேரத்தை அளப்பதே இங்கே நல்ல சோதனை. ஒவ்வொரு முறையும் சரியாக 60 விநாடியில் நிற்கிறதென்றால் யாரோ கடிகாரம் வைத்திருக்கிறார்கள். சில முறை 40 விநாடியிலும் சில முறை மூன்று நிமிடத்திலும் நிற்கிறதென்றால் நேரத்தைவிட நினைவகத்தின் மீதோ ஒரு குறிப்பிட்ட கோப்பின் மீதோ சந்தேகப்படுவது பொருத்தம். இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். 504 என்று சொன்னது வெப் சர்வர். அது காத்திருப்பதை நிறுத்திவிட்டதே தவிர, பின்னால் பிஎச்பி பல நேரம் ஓடிக்கொண்டேதான் இருக்கும். பத்து நிமிடம் கழித்துக் கோப்புறையைத் திறந்தால் முழுமையான பேக்கப் அங்கே கிடக்கலாம். அவசரப்பட்டு மறுபடி பொத்தானை அழுத்தினால் இரண்டு பேக்கப்கள் ஒரே சமயத்தில் ஓடி, உண்மையிலேயே சர்வரைத் திணறடிக்கும்.

நினைவகப் பிழை சற்று நேர்மையானது. '134217728 பைட் தீர்ந்துவிட்டது' என்று வரும் அந்த மிரட்டும் எண் வேறொன்றும் இல்லை, 128 எம்பிதான். பிஎச்பியின் இயல்பான நினைவக வரம்பு அது. ஆனால் செய்தியின் கடைசியில் ஒரு கோப்பின் பெயரும் வரி எண்ணும் இருக்கும், அங்கேதான் பலர் வழுக்கி விழுகிறார்கள். அந்த வரி செய்ததெல்லாம் கடைசித் துளி நினைவகத்தைக் கேட்டது மட்டுமே. வண்டி நிறைய மூட்டை ஏற்றிய பிறகு கடைசியாக ஒரு கூடை வைத்தவரைக் குற்றம் சொல்வதுபோல, ஒரு பாவமும் அறியாத பிளகின் மீது பழி விழுகிறது.

சர்வரின் மொத்த நினைவகமே தீரும்போது நிலைமை இன்னும் மோசம். லினக்ஸ் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ஏதாவது ஒரு நிரலைக் கொன்றுவிடும். அதற்கு அனுப்பும் 9ஆம் எண் சமிக்ஞையைப் பெற்ற நிரலுக்குக் கடைசி வார்த்தை சொல்லக்கூட வாய்ப்பு இல்லை. வேலை முடிந்த குறியீட்டெண் 137 என்று பதிவாகியிருந்தால் அது 128உடன் 9ஐச் சேர்த்தது, இப்படிக் கொல்லப்பட்டதன் அடையாளம். பயனரின் திரையில் எந்தச் செய்தியும் இருக்காது. முன்னேற்றப் பட்டை 45 சதவீதத்தில் உறைந்து நிற்கும். வேலை செய்தவர் இறந்துவிட்டார் என்று பட்டைக்குச் சொல்ல ஆளில்லை.

பிரவுசருக்கு வந்துசேரும் இரண்டு வினோதங்கள்

'அன்எக்ஸ்பெக்டட் டோக்கன்' என்று தொடங்கி ஒரு கோணக்குறியைக் காட்டி, ஜேசன் சரியில்லை என்று முடியும் செய்தி பேக்கப் பிளகின்களில் மிகப் பரவலானது. படிப்பவருக்கு இது நிரலில் உள்ள எழுத்துப்பிழை போலத் தோன்றும். உண்மையில் நடந்தது எளிமையானது. பிளகினின் பிரவுசர் பகுதி ஜேசன் என்ற வடிவில் தரவை எதிர்பார்த்தது. சர்வர் அனுப்பியதோ ஒரு முழு வலைப்பக்கம். எந்த வலைப்பக்கமும் கோணக்குறியில்தான் தொடங்கும். அந்த முதல் எழுத்திலேயே பிரவுசர் தடுக்கி விழுந்துவிட்டது. அந்தப் பக்கத்தில் என்ன எழுதியிருந்தது என்பதுதான் நமக்கு வேண்டியது. அது 500 பிழைப் பக்கமாகவோ பாதுகாப்புச் சுவரின் 403 பக்கமாகவோ மறுபடி உள்நுழையச் சொல்லும் பக்கமாகவோ இருக்கலாம். பிரவுசரின் டெவலப்பர் கருவியில் நெட்வொர்க் பகுதியைத் திறந்து அந்தக் கோரிக்கையைச் சொடுக்கினால் முழுப் பதிலும் தெரியும். காரணம் பெரும்பாலும் அங்கேயே எழுதியிருக்கும்.

மற்றது, பிளகினையோ பேக்கப் கோப்பையோ வேர்ட்பிரஸில் ஏற்றும்போது வரும் 'தி லிங்க் யூ ஃபாலோட் ஹேஸ் எக்ஸ்பயர்ட்', அதாவது நீங்கள் தொடர்ந்துவந்த இணைப்பு காலாவதியாகிவிட்டது என்ற செய்தி. எந்த இணைப்பும் காலாவதியாகவில்லை. கோப்பு பெரிதாகிவிட்டது, விஷயம் அவ்வளவுதான். படிவம் வழியாக வரும் மொத்தத் தரவுக்கு பிஎச்பி வைத்திருக்கும் இயல்பான வரம்பு 8 எம்பி. அது தாண்டினால் பிஎச்பி கோப்பை மட்டும் தள்ளுவதில்லை, படிவத்தின் எல்லா விவரங்களையும் காலியாக்கிவிடுகிறது. அந்த விவரங்களில் ஒன்று, கோரிக்கை உண்மையானவரிடமிருந்து வந்ததா என்று சரிபார்க்க வேர்ட்பிரஸ் வைத்த ரகசியக் குறி. குறியைக் காணாத வேர்ட்பிரஸ், பழைய பக்கத்திலிருந்து வந்த கோரிக்கை போலிருக்கிறது என்று முடிவுகட்டுகிறது. அதற்குத் தெரிந்தவரை அது சரியான ஊகம். பயனரோ பக்கத்தைப் புதுப்பித்துப் புதுப்பித்துச் சலித்துப்போகிறார்.

தரவுத்தளம் பேசும்போது

'மைசீக்குவல் சர்வர் ஹேஸ் கான் அவே' என்பது பிழை எண் 2006. சர்வர் போய்விட்டது என்று அதற்குப் பொருள். தரவுத்தளம் நின்றுவிட்டதோ என்று பதறி ஹோஸ்டிங் நிறுவனத்தை அழைத்தால், எங்கள் பக்கம் எல்லாம் சரியாக ஓடுகிறது என்பார்கள். இருவர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். பிளகின் தரவுத்தளத்துடன் இணைப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, நடுவில் கோப்புகளைக் கட்டப் போய் இருபது நிமிடம் கழித்துத் திரும்பி வந்திருக்கும். சும்மா இருக்கும் இணைப்பை மைசீக்குவல் இயல்பாக 28,800 விநாடி, அதாவது எட்டு மணி நேரம் பொறுத்துக்கொள்ளும். பலர் பகிர்ந்துகொள்ளும் ஹோஸ்டிங்கில் அதைச் சில நிமிடங்களாகவோ விநாடிகளாகவோ குறைத்து வைத்திருப்பது வழக்கம். இது முதல் காரணம். பேக்கப்பிலிருந்து தளத்தை மீட்கும்போது இதே செய்தி வந்தால் வேறொன்றைச் சந்தேகிக்கவேண்டும். ஒரே கட்டளையில் அனுப்பக்கூடிய தரவுக்கு மைசீக்குவல் 5.7இல் இயல்பான வரம்பு 4 எம்பி, 8.0இல் 64 எம்பி. அதைவிடப் பெரிய துண்டு வந்தால் சர்வர் இணைப்பையே துண்டிக்கலாம். மறுமுனையில் இருப்பவருக்குத் தெரிவது சர்வர் போய்விட்டது என்பது மட்டும்தான். புதிய சர்வரில் எடுத்த பேக்கப் பழைய சர்வரில் ஏறாமல் போவதற்கு இது ஒரு காரணம்.

வேறு சர்வருக்கு மாற்றிய தளம் தரவுத்தளத்துடன் சேராமல், 2002 என்ற எண்ணோடு 'நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி' என்று சொல்வதும் உண்டு. கோப்பு இல்லை என்றதும் பேக்கப்பில் ஏதோ விடுபட்டுவிட்டது என்று தோன்றுவது இயல்பு. காணாமல்போனது தளத்தின் கோப்பு அல்ல. அமைப்பில் 'லோக்கல்ஹோஸ்ட்' என்று எழுதியிருந்தால், யூனிக்ஸ் வகை இயங்குதளங்களில் மைசீக்குவல் வலையமைப்பு வழியாகப் போகாது, சாக்கெட் என்ற ஒரு சிறப்புக் கோப்பு வழியாகப் பேசும். புதிய சர்வரில் அந்தச் சாக்கெட் வேறிடத்தில் இருக்கலாம், அல்லது தரவுத்தளம் இன்னும் தொடங்காமல் இருக்கலாம். லோக்கல்ஹோஸ்ட் என்பதை 127.0.0.1 என்று மாற்றிப் பார்த்தால் இரண்டில் எது என்பது உடனே தெரிந்துவிடும்.

பயமுறுத்திவிட்டு ஒன்றுமில்லாமல் போகும் செய்திகளும் உண்டு. 2020இல் வந்த மைசீக்குவல் 5.7.31, 8.0.21 பதிப்புகளிலிருந்து, தரவுத்தளத்தைப் பிரதி எடுக்கும் மைசீக்குவல்டம்ப் என்ற கருவி 'ப்ராசஸ்' என்ற கூடுதல் உரிமையைக் கேட்கத் தொடங்கியது. பகிர்வு ஹோஸ்டிங்கில் அந்த உரிமையைத் தரமாட்டார்கள். 'அக்சஸ் டினைட்' என்ற செய்தி வந்ததும் கடவுச்சொல் தவறு என்று மாற்றியவர்கள் பலர். மறுக்கப்பட்டது டேபிள்ஸ்பேஸ், அதாவது அட்டவணைகளுக்கான சேமிப்பிடம் பற்றிய விவரம் மட்டுமே. வேர்ட்பிரஸ் போன்ற சாதாரணத் தளத்துக்கு அது தேவையே இல்லை, அட்டவணைகள் முழுதாக எழுதப்பட்டிருக்கும். அந்த விவரம் வேண்டாம் என்று ஒரு குறி சேர்த்தால் செய்தி நின்றுவிடும். கோப்புகளைக் கட்டும் டார் கருவி 'படிக்கும்போதே கோப்பு மாறிவிட்டது' என்று சொல்லி 1 என்ற எண்ணோடு முடிவதும் இந்த வகைதான். ஓடும் தளத்தில் பதிவேட்டுக் கோப்புகள் மாறிக்கொண்டே இருக்கும். டார் 2 என்று முடித்தால் கவலைப்படவேண்டும், 1 என்றால் எந்தக் கோப்பு என்று பார்த்துவிட்டு நகரலாம்.

வெளிக் கிடங்கின் பூடகம்

சில செய்திகள் வேண்டுமென்றே மறைத்துப் பேசுகின்றன. எஸ்3 கிடங்கில் இல்லாத ஒரு கோப்பைக் கேட்டால் '404, இல்லை' என்றுதான் வரவேண்டும். கேட்பவருக்குக் கோப்புப் பட்டியலைப் பார்க்கும் உரிமை இல்லாவிட்டால் எஸ்3 '403, அனுமதி இல்லை' என்கிறது. உள்ளே என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பதே அந்நியருக்குத் தெரியக்கூடாது என்பது அதன் நியாயம். அதை அறியாதவர் மணிக்கணக்கில் உரிமைகளைத் திருத்துவார். தவறு கோப்பின் பெயரில் ஓர் எழுத்தாக இருக்கும்.

கூகுள் டிரைவ் இணைப்பு வாரம் ஒரு முறை அறுந்து 'இன்வாலிட் கிராண்ட்' என்று சொன்னால் கணக்கையோ கடவுச்சொல்லையோ நோண்டவேண்டியதில்லை. தளத்துக்காக உருவாக்கிய கூகுள் செயலி இன்னும் சோதனை நிலையிலேயே இருந்தால் அதன் அனுமதி ஏழு நாளில் தீர்ந்துவிடும். செயலியை வெளியீட்டு நிலைக்கு மாற்றவேண்டும்.

சான்றிதழ் பிழைக்கு மறக்கமுடியாத நாள் 2021 செப்டம்பர் 30. இலவசச் சான்றிதழ் வழங்கும் லெட்ஸ் என்கிரிப்ட் தொடக்கக் காலத்தில் சார்ந்திருந்த ஒரு பழைய மூலச் சான்றிதழ் அன்று காலாவதியானது. ஓபன்எஸ்எஸ்எல் 1.0.2 போன்ற பழைய மென்பொருள் ஓடிய சர்வர்கள், லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ் கொண்ட தளங்களோடு பேசமுடியாமல் 'சர்ட்டிஃபிகேட் ஹேஸ் எக்ஸ்பயர்ட்' என்றன. மறுமுனையின் சான்றிதழைத் திறந்து பார்த்தால் அது புத்தம் புதியதாக இருக்கும். காலாவதியானது கேட்பவரின் சட்டைப்பையில் இருந்த பழைய நம்பிக்கைப் பட்டியல். பேக்கப்பை அனுப்பும் பக்கம்தான் பழுது என்றாலும் செய்தி வாங்கும் பக்கத்தைக் கைகாட்டியது.

ஸிப் கோப்பு சொல்வதும் இப்படித்தான். 1989இல் ஃபில் கட்ஸ் வெளியிட்ட இந்த வடிவத்தில் உள்ளடக்கப் பட்டியல் கோப்பின் கடைசியில் இருக்கிறது. பாதி மட்டும் இறங்கிய ஸிப்பைத் திறந்தால் கருவி முதலில் வாலைத் தேடும். அங்கே பட்டியல் இல்லை என்றதும், இது ஸிப்பே அல்ல, அல்லது பல பகுதிகளில் ஒன்று என்று சொல்லிவிடும். மென்பொருளை மாற்றிப் பார்ப்பதற்குள், சர்வரில் உள்ள கோப்பின் அளவும் கையில் உள்ளதன் அளவும் பைட் கணக்கில் ஒன்றா என்று பார்த்தால் போதும்.

செய்தியே வராதபோது

தவறான செய்தியைவிட ஆபத்தானது மௌனம். மென்பொருள் திட்டங்களைச் சேமித்துவைக்கும் சேவையை நடத்தும் கிட்லேப் நிறுவனம் 2017 ஜனவரி 31 அன்று நடந்ததைத் தானே விரிவாக வெளியிட்டிருக்கிறது. துணைத் தரவுத்தளம் முதன்மையோடு சேராமல் பின்தங்கியது. அதை மறுபடி நிரப்ப 'பிஜி பேஸ்பேக்கப்' என்ற கருவியை ஓட்டினார்கள். முதலில் ஓர் அமைப்பு போதவில்லை என்றது, உயர்த்தினார்கள். அடுத்து செமஃபோர் பற்றிய புகார் வந்தது, இணைப்புகளின் எண்ணிக்கையை 8,000இலிருந்து 2,000 ஆகக் குறைத்தார்கள். அதன் பிறகு கருவி எதுவும் சொல்லாமல் நின்றது. முதன்மைச் சர்வர் தரவை அனுப்பத் தொடங்குவதற்காக அது காத்துக்கொண்டிருந்தது, அதுதான் அதன் இயல்பு. ஆனால் காத்திருக்கிறேன் என்று அது திரையில் சொல்லவில்லை. கோப்புறையில் பழைய கோப்புகள் இருப்பதுதான் தடை என்று நினைத்த பொறியாளர் அதை அழித்தார். அவர் அழித்தது துணைச் சர்வரில் அல்ல, முதன்மைச் சர்வரில். ஓரிரு விநாடியில் உணர்ந்து நிறுத்தியபோது சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபி மிஞ்சியிருந்தது.

பேக்கப்பை எடுக்கலாம் என்று கிடங்கைத் திறந்தால் அது காலியாக இருந்தது. தினசரிப் பிரதி எடுத்த கருவி போஸ்ட்கிரெஸ்கியூஎல் 9.2 பதிப்பு, தரவுத்தளம் 9.6. பதிப்பு பொருந்தாததால் ஒவ்வொரு முறையும் பிழையோடு முடிந்தது. பிழையை அறிவிக்கும் மின்னஞ்சல்கள் டிமார்க் என்ற சரிபார்ப்பில் தேறாமல் நிராகரிக்கப்பட்டன. செய்தி எழுதப்பட்டது, ஆனால் ஒருவருக்கும் வந்து சேரவில்லை. வேறு காரணத்துக்காக ஆறு மணி நேரம் முன்பு ஒருவர் எடுத்துவைத்திருந்த நகலிலிருந்துதான் மீண்டார்கள். சுமார் 5,000 திட்டங்கள், 5,000 கருத்துகள், 700 புதிய கணக்குகள் பாதிக்கப்பட்டன.

சிறு தளங்களிலும் இதே மௌனம் உண்டு. வேர்ட்பிரஸின் உள் அட்டவணைக் கடிகாரம் யாராவது தளத்துக்கு வரும்போதுதான் ஓடும். இரவு இரண்டு மணிக்கு என்று வைத்த பேக்கப், காலையில் முதல் வாசகர் வரும்வரை தூங்கும். சர்வரில் மைசீக்குவல்டம்ப்பின் வெளியீட்டை நேரே ஜிஸிப் என்ற சுருக்கும் கருவிக்குள் விடும் வழக்கமான கட்டளையில் முதல் கருவி தோற்றாலும் இரண்டாவது வெற்றி என்று சொல்லும், மொத்தக் கட்டளையும் வெற்றி என்றே பதிவாகும். தினமும் ஒரு கோப்பு சேர்ந்துகொண்டே போகும், ஒவ்வொன்றும் 20 பைட். ஒன்றுமில்லாததைச் சுருக்கினால் ஜிஸிப்புக்குக் கிடைக்கும் அளவு அது. கட்டளைகளை ஓட்டும் பாஷ் நிரலில் 'பைப்ஃபெயில்' என்ற அமைப்பை இயக்கினால் இந்தப் பொய் வெற்றி நிற்கும்.

தமிழ்த் தளங்களுக்கென்று ஒரு மௌன விபத்தும் இருக்கிறது. யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட். பழைய பிஎச்பி ஸ்கிரிப்ட் ஒன்று லத்தீன்1 என்ற எழுத்துத் தொகுப்பில் தரவுத்தளத்தோடு பேசினால், அந்தத் தொகுப்பில் தமிழ் இல்லாததால் மைசீக்குவல் ஒவ்வொரு குறியீட்டையும் ஒரு கேள்விக்குறியாக மாற்றித் தருகிறது. பிழைச்செய்தி கிடையாது. ஆங்கிலப் பகுதிகள் எல்லாம் ஒழுங்காக இருக்கும். பத்து ஆண்டுக் கட்டுரைகளும் வரிசை வரிசையான கேள்விக்குறிகளாக பேக்கப்பில் உறங்கும். அதை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. பேக்கப்பைத் திறந்து ஒரு கட்டுரையையாவது கண்ணால் படித்துப் பார்த்தால் ஒரே நிமிடத்தில் தெரிந்துவிடும்.

தேடும் முறை

செய்தியை முழுதாக, வந்த நேரத்தோடு படியெடுத்து வைப்பது முதல் வேலை. 'ஏதோ எரர்' என்று சொல்லி உதவி கேட்பவருக்கு உதவ முடியாது. பிறகு அந்த நேரத்தை வைத்துக்கொண்டு பதிவேடுகளைத் திறக்கவேண்டும். வேர்ட்பிரஸின் டீபக் பதிவு, பிஎச்பியின் பிழைப்பதிவு, வெப் சர்வரின் பதிவு, தரவுத்தளத்தின் பதிவு என்று ஒவ்வொன்றாகக் கீழே இறங்கவேண்டும். பதிவேட்டில் கடைசி வரியைப் பார்ப்பது எல்லோருக்கும் பழக்கம். ஒரு கோளாறு பத்துக் கோளாறுகளைப் பெற்றுப் போடும், கடைசி வரியில் இருப்பது பேரக்குழந்தை. வேலை தொடங்கிய நேரத்துக்குப் பின் வந்த முதல் பிழைதான் மூலத்துக்கு அருகில் இருக்கும்.

பதிவேடு உதவாவிட்டால் வேலையைப் பிரித்துப் பார்க்கலாம். தரவுத்தளம் மட்டும் பேக்கப் எடுத்தால் ஓடுகிறதா? படங்கள் இல்லாமல் கோப்புகள் மட்டும்? வெளிக் கிடங்குக்கு அனுப்பாமல் சர்வரிலேயே வைத்தால்? மூன்று சோதனைகளில் பழுது எந்தப் பாதியில் என்பது தெளிந்துவிடும். ஒரு முறைக்கு ஒரு மாற்றம் மட்டுமே செய்யவேண்டும். நான்கு அமைப்புகளைச் சேர்த்து மாற்றிப் பேக்கப் ஓடிவிட்டால் எது தீர்த்தது என்று தெரியாது, மற்ற மூன்றும் என்றோ பின்னாளில் வேறு கோளாறாக முளைக்கும்.

கடைசிச் சோதனை மீட்பு. மைசீக்குவல்டம்ப் இயல்பான அமைப்பில் வேலையைச் சரியாக முடித்தால் கோப்பின் இறுதியில் 'டம்ப் கம்ப்ளீட்டட் ஆன்' என்று எழுதித் தேதியையும் நேரத்தையும் போடும். அந்த வரி இல்லாத கோப்பு பாதியில் அறுந்தது, திரை என்ன சொல்லியிருந்தாலும் சரி. அந்த வரி இருந்தால், ஒரு காலித் தரவுத்தளத்தில் கோப்பை ஏற்றி, பதிவுகள் அட்டவணையில் எத்தனை வரிசை என்று எண்ணி, ஓடும் தளத்தின் எண்ணிக்கையோடு ஒப்பிடலாம். மாதம் ஒரு முறை இதைச் செய்தாலே போதும். சிறு தளத்துக்கு இதற்கு அரை மணி நேரத்துக்கு மேல் ஆகாது.